தொங்கும் தொட்டிக்கு விட்டம் மட்டும் போதாது, எடையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க் கண்காட்சி நடக்கும் சமயத்தில் பெங்களூருவில் தொட்டி வியாபாரம் சூடுபிடிக்கும். பத்திரிகைகளின் வீட்டு அலங்காரப் பக்கங்களிலும் பால்கனியில் கொடி வழிய வழியத் தொங்கும் பெரிய தொட்டிகளின் படங்கள் வரும். படத்துக்குக் கீழே விட்டம் இத்தனை அங்குலம், விலை இவ்வளவு என்று இருக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகு அது எத்தனை கிலோ என்பது மட்டும் இருக்காது. கடையில் கேட்டாலும் வெறும் தொட்டியைத் தூக்கிக் காட்டி, "ஒரு கிலோகூட வராது சார்" என்பார்கள். படத்தோடு எடையையும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். அதுவரை வாசகர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கச் சில விவரங்களைக் கீழே தருகிறோம்.

தொட்டியின் வாய் சற்றே பெரிதானாலும் உள்ளே கொள்ளும் மண் பல மடங்கு கூடிவிடும். அரைக்கோள வடிவத் தொட்டியில் 12 அங்குல விட்டத்துக்கு 7 லிட்டர் கலவை பிடிக்கும். 16 அங்குலத்துக்கு ஏறக்குறைய 17 லிட்டர், 20 அங்குலத்துக்கு 34 லிட்டர். பார்வைக்கு நான்கு அங்குலம்தான் வித்தியாசம், சுமையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு, சிலசமயம் அதற்கும் மேல். வாளி போல நேராக இறங்கும் தொட்டியானால் இன்னும் அதிகம்: 12 அங்குல வாயும் 12 அங்குல ஆழமும் இருந்தால் 20 லிட்டரைத் தாண்டும். வடிவம் புரியவில்லையென்றால் அடித்துளையை டேப்பால் அடைத்து, லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி எண்ணிவிடுங்கள்.

இந்த ஊர்ச் செம்மண் நன்றாக நனைந்தால் லிட்டருக்கு 1.8 கிலோ வரும். அப்படியானால் 16 அங்குலத் தொட்டியில் மண் மட்டுமே 30 கிலோ. வீட்டுக்கு வரும் நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டரும் அதே எடைதான். அதைச் சோபாவுக்கு மேலே தொங்கவிட யாரும் துணிய மாட்டார்கள், தொட்டியென்றால் யோசிப்பதே இல்லை. அதே தொட்டியில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை போட்டால் நனைந்த எடை 15 கிலோ அளவில் நின்றுவிடும். தொட்டி, சங்கிலி, செடி எல்லாம் சேர்த்தும் 18 கிலோ.

கலவை இப்படி: கோகோபீட் மூன்று பங்கு, பெர்லைட் (இலேசான வெண்ணிறத் தாதுமணிகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. விளிம்புக்கு ஓர் அங்குலம் விட்டு நிரப்ப 16 அங்குலத் தொட்டிக்கு 15 லிட்டர் போதும். 650 கிராம் கோகோபீட் கட்டி ஒன்றை நான்கு லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டால் எட்டு ஒன்பது லிட்டர் உதிரும், அது ஒரு தொட்டிக்குச் சரியாக இருக்கும். மூன்று லிட்டர் பெர்லைட், மூன்று லிட்டர் மண்புழு உரம். கோகோபீட்டை இரண்டு முறை அலசிப் பிழிந்துதான் பயன்படுத்த வேண்டும். உப்பு இருந்தால் இலை நுனி கருகும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், வேர் அழுகும். செம்மண்ணைக் கொஞ்சமாவது போடாவிட்டால் மனம் கேட்காது என்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். தொட்டி காய்ந்து காய்ந்து நனையும்போது அந்த மண் இறுகிக் கட்டியாகிவிடும்.

அடியில் ஒரு கை ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. அதில் உண்மையில்லை. நுண்ணிய கலவைக்கும் கரடான ஜல்லிக்கும் இடையில் தண்ணீர் தயங்கி நிற்கும், ஈரமான பகுதி வேருக்கு இன்னும் அருகே ஏறிவரும். தொங்கும் தொட்டியில் அது வீண் சுமையும்கூட. துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

எடை தெரிந்த பிறகு அண்ணாந்து பார்க்க வேண்டும். கொக்கியும், துளைக்குள் விரிந்து அதைப் பிடிக்கும் ஆங்கரும் நனைந்த எடையைப் போல நான்கு மடங்கு தாங்கக்கூடியவையாக இருக்கட்டும். காற்றில் ஆடும்போதும், தண்ணீர் ஊற்றும் கை தொட்டியைப் பிடித்து இழுக்கும்போதும் சுமை கூடும். 18 கிலோ தொட்டிக்கு 72 கிலோ என்பது நல்ல காங்கிரீட்டில் 8 மி.மீ. போல்ட் பிடிக்கும் உலோக ஆங்கருக்குப் பெரிய விஷயமல்ல. சுவரில் படம் மாட்டும் பிளாஸ்டிக் ரால் பிளக்கைக் கூரையில் அடிப்பதுதான் வழக்கமான தவறு. சுவரில் சுமை பிளக்குக்குக் குறுக்கே விழும், கூரையிலோ பிளக்கை நேராகக் கீழ்நோக்கி உருவும். பிளக் முதல் நாள் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு ஆட்டத்தில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நழுவி, கடைசியில் தண்ணீர் ஊற்றிய ஒரு நாளில் மொத்தமாக வந்துவிடும்.

துளை போடும்போது ட்ரில்லில் இருந்து கொட்டும் தூளைப் பார்த்தாலே கூரை என்னவென்று தெரிந்துவிடும். முதலில் வெள்ளையாக மாவு போல வருவது பட்டியும் சிமென்ட் பூச்சும். இந்தப் பூச்சின் கனத்தை ஆங்கரின் ஆழக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அடுத்துச் சாம்பல் நிறத்தில் நறநறவென்று வந்தால் காங்கிரீட். செங்கல் நிறத்தில் தூள் வந்து ட்ரில் திடீரென்று உள்ளே போய்விட்டால் அது உள்கூடான களிமண் பிளாக் கூரை. அங்கே ஆங்கர் பிடிக்காது, துளையை அடைத்துவிட்டு பிளாக்குகளுக்கு இடையிலுள்ள காங்கிரீட் விலாவைத் தேட வேண்டும். ட்ரில் முனை நகராமல் சுற்றி, தூளில் இரும்புப் பொடி மினுங்கினால் கம்பியில் இடித்துவிட்டது. அழுத்தாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள்.

8 மி.மீ. டிராப்-இன் ஆங்கருக்கு 10 மி.மீ. துளை, 10 மி.மீ. ஆங்கருக்கு 12 மி.மீ. துளை. துளையில் தங்கிய தூளை ஊதியோ பிரஷ் விட்டோ சுத்தமாக எடுக்க வேண்டும். தூள் இருந்தால் ஆங்கர் விரிந்தும் பிடி கிடைக்காது. ஆங்கரை நுழைத்தபின் அதற்கான உளியை உள்ளே வைத்துச் சுத்தியலால் அடித்தால்தான் அது விரியும். இந்த அடியைச் சோம்பல்பட்டு விட்டுவிடும் ஆட்கள் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். கொக்கி மாட்டியதும் தொட்டியைத் தூக்கிவிடாதீர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைச் சேர்த்துக் கட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி ஒருநாள் தொங்கவிடுங்கள். மறுநாள் கொக்கியின் கழுத்தில் இம்மியளவு இடைவெளி தெரிந்தாலும் அந்தத் துளை வேண்டாம்.

துளையே போடக் கூடாத இடங்களும் உண்டு. சில புதிய அடுக்குமாடிகளின் தளங்களில் போஸ்ட் டென்ஷன் முறையில் இழுத்துக் கட்டிய கம்பி வடங்கள் ஓடும். ஒரு வடத்தில் ட்ரில் பட்டாலே ஆபத்து, கட்டடத்துக்கும் சேதம். குடியிருப்போர் சங்கத்திலோ கட்டியவரிடமோ கேட்டு, வரைபடம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். விளக்குப் புள்ளியிலிருந்து சுவிட்ச் இருக்கும் சுவர்வரை தளத்துக்குள் மின்குழாய் ஓடும், அந்தக் கோட்டையும் தவிர்க்க வேண்டும். ஜிப்சம் பால்ஸ் சீலிங்கில் கொக்கி போட்டால் பலகை பிய்ந்துகொண்டு வரும். பலகையைத் துளைத்துப் போய் மேலே உள்ள காங்கிரீட்டில் ஆங்கர் அடித்து, அங்கிருந்து நீண்ட கம்பியை இறக்க வேண்டும். பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. அங்கே செங்கல்லையும் சுண்ணாம்பையும் தொடவே வேண்டாம். மரக்கட்டையைத் தட்டிப் பார்த்து, செல்லரித்த சத்தம் இல்லாத இடத்தில், நடுவில் சிறு துளை போட்டு, மூன்று அங்குலத் திருகுக் கொக்கியை ஏற்ற வேண்டும். பெரிய தொட்டிக்கு அந்தக் கூரை ஏற்றதல்ல என்பதே எங்கள் கருத்து. 12 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொட்டி எந்தப் பொருளில் என்பதற்கு வருவோம். வீட்டுக்குள் அழகென்று சுடுமண்ணையும் பீங்கானையும் வாங்குகிறார்கள். பெரிய அளவில் வெறும் தொட்டியே பல கிலோ, போதாததற்கு நகம் பட்டாலும் தெறிக்கும் விளிம்பு. தலைக்கு மேல் தொங்கவிட எங்கள் தேர்வு ஃபைபர் கிளாஸ். எடை குறைவு, வெயிலில் நிறம் மங்கினாலும் உடையாது. அடியில் துளை இல்லாமல் வந்தால் 10 மி.மீ. அளவில் நான்கைந்து போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வாங்குவதானால் வெயில் தாங்கும் யூவி ரகமா என்று கேளுங்கள். மலிவு ரகம் நேர் வெயிலில் ஓரிரு வருடத்தில் சாக்கட்டி போலப் பொடியும், முதலில் பிளப்பது சங்கிலி மாட்டும் துளைதான். விரலால் அந்த விளிம்பை அழுத்திப் பாருங்கள், வளைந்தால் பெரிய தொட்டிக்கு அது உதவாது. விளிம்பில் துளையிட்ட தொட்டியைவிட, அடியைச் சுற்றி வளையமாகத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் உட்காரும் தொட்டி மேல்.

கம்பிக்கூடையில் தேங்காய் நார் விரிப்பு போட்ட ரகம் வெளியே மட்டும். நாலா பக்கமும் காற்று பட்டு வேர் நன்றாக வரும், ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை இந்த ஊர்க் காற்றின் வறட்சியில் காலையில் ஊற்றியது மாலைக்குள் காய்ந்துவிடும். நாருக்கும் கலவைக்கும் நடுவே ஐந்தாறு துளை போட்ட பிளாஸ்டிக் தாளை விரித்தால் ஈரம் நிற்கும். நாரைக் குருவிகள் கூட்டுக்குப் பிய்த்துக்கொண்டு போகும். அதைத் தடுக்க வழி தேடுவதைவிட இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விரிப்பை மாற்றிவிடுவது எளிது.

அடியில் தண்ணீர்த் தேக்கம் உள்ள தொட்டிகள் வீட்டுக்குள் நல்லவை. வெளியே மழை படும் இடத்தில் வைத்தால் உபரி வழியும் துளை பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர் மழையில் தொட்டி குளமாகும், எடைக் கணக்கும் தவறிவிடும். தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர எட்டுப் பத்து நாளே போதும், தலைக்கு மேலே இருக்கும் தட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சங்கிலி விஷயத்தில் நீளம் முக்கியம். கூரைக்கு ஒட்டித் தெரிய வேண்டும் என்று குட்டைச் சங்கிலி போடுகிறார்கள். 16 அங்குலத் தொட்டிக்கு 9 அங்குலச் சங்கிலி போட்டால், நேராகத் தொங்குவதைவிட ஒவ்வொரு சங்கிலியிலும் இழுப்பு இரண்டு மடங்குக்கு மேலாகும், விளிம்பையும் உள்பக்கமாக இழுத்துக் கிழிக்கும். சங்கிலி நீளம் குறைந்தது தொட்டியின் விட்டமாவது இருக்க வேண்டும். மூன்று சங்கிலி போட்டால் தானாகவே மட்டம் வந்துவிடும், ஆனால் ஒன்று அறுந்தால் தொட்டி கவிழும். பெரிய தொட்டிக்கு நான்கு போட்டு, மட்டத்தைக் கண்ணியில் சரிசெய்வதே மேல். துத்தநாகம் பூசிய ஜிஐ சங்கிலி வெளியே தாங்கும். முடிச்சு முடிச்சாகப் பின்னிய மேக்ரமே கயிறு வீட்டுக்குள், 10 அங்குலம்வரை சரி. அடியில் விழும் பெரிய முடிச்சில்தான் எப்போதும் ஈரம் தங்கும், இற்றுப்போவதும் அங்கிருந்துதான். குஞ்சம் மறைப்பதால் கண்ணில் படாது.

பால்கனியில் எஸ் வடிவக் கொக்கி மாட்டவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு வரும் திடீர்க் காற்று தொட்டியை மேலே தூக்கிப் போடும்போது, திறந்த கொக்கியிலிருந்து சங்கிலி எகிறி வெளியே வந்துவிடும். திருகி மூடும் ஷேக்கிளோ பூட்டுக் கொக்கியோதான் வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே, தெருவுக்கு நேராக எதுவும் தொங்கக் கூடாது. சுவரிலிருந்து தூரம், விட்டத்தில் பாதியோடு ஆறு அங்குலம். 16 அங்குலத் தொட்டியானால் 14 அங்குலம். மேற்குப் பார்த்த பால்கனியில் ஜூன், ஜூலை காற்று நாள் முழுக்க ஓயாது. அங்கே தொட்டியின் அடியிலிருந்து கிரில்லுக்கு ஒரு தளர்ந்த கட்டு போட்டால் சுவரில் மோதாது. கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வருவதும் பால்கனித் தொட்டியால்தான், துணி காயும்போது மேலிருந்து மண்தண்ணீர் சொட்டும். துளையுள்ள சாதாரண நர்சரித் தொட்டியில் செடியை வைத்து, அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் இந்தத் தகராறு இல்லை.

வீட்டுக்குள் உயரம் தப்பினால் செடி பிழைக்காது. நம் வீடுகளில் ஜன்னலின் மேல்விளிம்பு ஏறக்குறைய 7 அடி, கூரை 10 அடி. 7 அடிக்கு மேலே தொங்கும் செடிக்கு வானம் தெரியாது, வெளியே சன்ஷேடும் மறைக்கும். அறை நமக்கு வெளிச்சமாகத்தான் இருக்கும், செடியோ மேல்பக்கம் மொட்டையாகிக் கீழே வழியும் நுனியில் மட்டும் நான்கு இலையோடு நிற்கும். ஸ்டூலில் ஏறி, செடி இருக்கப்போகும் உயரத்தில் கண்ணை வைத்து ஜன்னலைப் பாருங்கள். வானம் தெரிந்தால் அந்த இடம் சரி. ஜன்னலிலிருந்து மூன்று அடிக்குள், மண்மட்டம் ஆறரை அடியில் இருக்கும்படி சங்கிலியை இறக்குங்கள். அடிப்பாகம் நெற்றி உயரத்துக்கு வந்துவிடும் என்பதால் நடக்கும் வழியில் மாட்ட முடியாது, மூலையிலோ மேசைக்கு மேலேயோதான். மின்விசிறி இறக்கையின் நேர்க்காற்றும் ஆகாது. வாரம் ஒருமுறை கால் வட்டம் திருப்பிவிட்டால் செடி ஒருபக்கம் சாயாது, கொக்கிக்குக் கீழே சுழலும் கண்ணி ஒன்றைச் சேர்த்தால் அது விரல் வேலை.

செடிக்கு இங்கே குறைவில்லை. வீட்டுக்குள் மணிபிளான்ட், சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ட். நாய், பூனை இருக்கும் வீட்டில் முதல் இரண்டையும் அவற்றுக்கு எட்டாமல் வெட்டிவிட வேண்டும், கடித்தால் வாய் புண்ணாகும். வெயில் பால்கனியில் பத்துமணிப் பூ, குளிர்காலத்துக்குப் பெட்டூனியா. கொடி ஜெரேனியம் சென்னையில் திணறும், பெங்களூருவில் நன்றாக வரும். பாஸ்டன் ஃபெர்ன் பெரிய தொட்டிக்குக் கம்பீரம்தான், கோடையில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் நுனி கருகும். கோகோபீட்டில் சத்து நிற்காது என்பதால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள) உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். கலவை முற்றிலும் காய்ந்து தொட்டியின் ஓரத்தை விட்டுச் சுருங்கிவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓர இடைவெளி வழியாக அப்படியே ஓடிவிடும். தொட்டியை இறக்கி, பக்கெட் தண்ணீரில் அரைமணி நேரம் உட்காரவைக்க வேண்டும்.

இறக்கி ஏற்றுவதற்கு விற்கும் சுருள் கப்பிகளில் தாங்கும் எடை அச்சிட்டிருக்கும், அதைப் படித்த பிறகே வாங்குங்கள். பெரிய தொட்டிக்குப் பெரும்பாலும் போதாது. இரும்புக் கப்பி, பாலியெஸ்டர் கயிறு, சுவரில் கயிற்றைச் சுற்றிக்கட்ட ஒரு முளை என்று தனித்தனியாக வாங்கிப் பொருத்தினால் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தே பராமரிக்கலாம்.

ஏற்கெனவே பெரிய பீங்கான் தொட்டி வாங்கி வைத்துவிட்டு, கூரை தாங்காது என்று தெரிந்தவர்கள் என்ன செய்வது? அடிப்பாதியைத் தெர்மோகோல் துண்டுகளால் நிரப்பிச் சுமையைக் குறைக்கச் சொல்வார்கள். சுமை குறையும், வேருக்கு இடமும் குறையும், தினம் இருமுறை தண்ணீர் கேட்கும். அதைவிட அதை மூன்று கால் இரும்பு ஸ்டாண்டில் ஜன்னலோரம் தரையில் வைத்துவிடலாம். மணிபிளான்ட் வழிந்து தொங்க இரண்டரை அடி உயரம் போதும்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டம் அமைக்கும் தொழிலில் உள்ள சிலர்,
அல்சூர், பெங்களூரு.